மூடுபனியும் நீர்ப்பறவைகளும்

நுழையும்முன்

இயற்கையை நுணுகிக் கண்டு சொல்லால் தீட்டியவர்கள் தமிழர். ஒளியால் தீட்டும் கலை ஒளிப்படக்கலை. ஒளி குறைந்த விடியற்பொழுதில், பனி மூடிய சதுப்பு நிலத்தில் இரைதேடும் பறவைகளைப் படமெடுப்பது அக்கலையின் கடினமான பகுதிகளுள் ஒன்றாகும். அதற்குக் கருவியைப் பற்றிய அறிவு வேண்டும்; பறவையைப் பற்றிய அறிவு அதனினும் மிகுதியாக வேண்டும். அவ்விரண்டும் ஒன்றிணையும் முறையை இவ்வுரைநடை விளக்குகிறது.

விடியலில் ஒரு சதுப்பு நிலம்

தை மாதத்து விடியற்காலை. சென்னையின் தென்பகுதியில் உள்ள பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின்மீது பனி படர்ந்திருக்கிறது. அருகிலுள்ள கோரைப்புற்கள் மட்டும் கண்ணுக்குத் தெரிகின்றன. அவற்றுக்கு அப்பால் எல்லாம் வெண்மை. அவ்வெண்மைக்குள்ளிருந்து, ஆழமற்ற நீரைக் கால்கள் அளையும் மெல்லிய ஒலி கேட்கிறது. சற்று நேரத்தில் நீண்ட கால்கள் தெரிகின்றன. பின்னர் வளைந்த கழுத்துகள் தெரிகின்றன. இரைதேடும் பறவைக் கூட்டமொன்று பனிக்குள்ளிருந்து மெல்ல உருப்பெறுகிறது.

இந்நிலம் சுற்றியுள்ள ஏரிகளின் உபரிநீரை ஏற்றுத் தேக்கி, ஒக்கியம் மடுவு வழியாகக் கடலை நோக்கி அனுப்பும் இயற்கை வடிகால் ஆகும். ஒருகாலத்தில் இன்றிருப்பதைவிடப் பலமடங்கு பரந்திருந்தது. குடியிருப்புகள், சாலைகள், அலுவலக வளாகங்கள், குப்பை கொட்டும் இடம் ஆகியவை பெருகப்பெருக அதன் பரப்புச் சுருங்கியது. எஞ்சியுள்ள பகுதியில் ஏறத்தாழ 1,248 ஹெக்டேர் நிலம், 2022ஆம் ஆண்டு பன்னாட்டு முதன்மை வாய்ந்த ராம்சர் ஈரநிலமாக அறிவிக்கப்பெற்றது. பெருநகரின் நடுவே பூநாரையும் கரண்டிவாயனும் இரைதேடும் இடம் இது. இங்கு வரும் பறவைகளுக்கு அருகில் மாற்றிடங்கள் மிகுதியாக இல்லை. அதனை உணர்ந்தவரே இங்குப் படமெடுக்கத் தகுதியுடையவர் ஆவார்.

மூடுபனி தோன்றும் முறை

வானம் தெளிந்தும் காற்று அடங்கியும் இருக்கும் பனிக்கால இரவில், நிலம் தன் வெப்பத்தை விரைவாக இழக்கிறது. நிலத்தை ஒட்டிய ஈரக்காற்றும் குளிர்கிறது. காற்றிலுள்ள நீராவி மிக நுண்ணிய நீர்த்துளிகளாக மாறி மிதக்கிறது. பார்வை எட்டும் தொலைவு ஒரு கிலோமீட்டருக்கும் குறைந்துவிடுமானால் அதனை மூடுபனி என்பர். ஈரம் மிகுந்த சதுப்பு நிலம் இதற்கு ஏற்ற இடமாகும். போகித் திருநாளை ஒட்டி எரிக்கப்படும் பொருள்களின் புகையும் பனியோடு கலந்துவிடுமானால், சென்னையின் காலை மேலும் மங்கலாகிறது.

பனித்துளிகள் எல்லா நிற ஒளியையும் ஏறத்தாழ ஒரே அளவில் சிதறடிக்கின்றன. அதனால்தான் மூடுபனி வெண்மையாகத் தோன்றுகிறது. சிதறிய அவ்வொளி, பறவைக்கும் ஒளிப்படக் கருவிக்கும் இடையே ஒரு மெல்லிய திரைபோல் நிற்கிறது. பறவை தொலைவில் இருக்கும் அளவுக்குத் திரையும் தடிக்கிறது. இதனால் இரண்டு இழப்புகள் நேர்கின்றன. ஒன்று, ஒளியின் அளவு குறைகிறது. மற்றொன்று, கருமைக்கும் வெண்மைக்கும் இடையிலான வேறுபாடு குறைகிறது. முதல் இழப்பைக் கருவியால் ஓரளவு ஈடுசெய்யலாம். இரண்டாவது இழப்பை ஈடுசெய்யக் கருவி மட்டும் போதாது.

நிறம் மறைய வடிவம் எஞ்சும்

மூடுபனி எல்லாவற்றையும் பறித்துக்கொள்வதில்லை. அது நிறத்தை மறைத்து வடிவத்தை விட்டுவைக்கிறது. நீரில் நடந்து இரைதேடும் பறவைகளுக்கு இது பெரிதும் பொருந்தும். ஏனெனில் அவற்றின் வாழ்வே அவற்றின் வடிவத்தில் எழுதப்பட்டிருக்கிறது.

கோணல்மூக்கு உள்ளானின் அலகு மேல்நோக்கி வளைந்தது. அது நீரின் மேற்பரப்பை இடமும் வலமுமாக அலைந்து இரையைச் சேர்க்கிறது. அரிவாள்மூக்கனின் அலகு கீழ்நோக்கி வளைந்தது. அது சேற்றுக்குள் துழாவுகிறது. கரண்டிவாயனின் அலகு நுனியில் தட்டையாக அகன்றிருக்கிறது. நெடுங்கால் உள்ளானின் அலகு ஊசிபோல் நேரானது. பூநாரை தன் தலையைத் தலைகீழாகக் கவிழ்த்து, அலகால் நீரை வடிகட்டி உண்கிறது. நாரை வகைகள் ஈட்டி போன்ற அலகோடு அசையாது நின்று, மீன் அணுகியதும் குத்திப் பிடிக்கின்றன. ஒரே நீர்ப்பரப்பில் இத்தனைப் பறவைகள் பூசலின்றி உண்பதற்கு அலகு, கால் ஆகியவற்றின் வேறுபாடே காரணம். ஒவ்வொன்றும் வெவ்வேறு ஆழத்தில் வெவ்வேறு இரையைத் தேடுகிறது.

ஆகவே, இறகின் நிறத்தையும் நுண்வரிகளையும் காட்ட முயலும் படம் பனியில் பெரும்பாலும் தோற்கிறது. அலகின் வளைவையும் காலின் நீளத்தையும் கழுத்தின் மடிப்பையும் காட்டும் படம் வெல்கிறது. இதற்குப் பறவை பக்கவாட்டில் நிற்கும் கணம் வேண்டும். ஒரு பறவையின் உருவம் மற்றொன்றின்மீது படியாமல் இடைவெளி வேண்டும். கருவி தாழ்ந்த நிலையில் இருக்க வேண்டும். அப்போது பறவையின் பின்னணியில் கோரைக்கும் கரைக்கும் மாறாகப் பனியின் வெண்மை அமையும்.

| தெரியுமா? |
|---|
| நாரையின் நீண்ட காலில் பின்னோக்கி மடியும் மூட்டு அதன் முழங்கால் அன்று, கணுக்கால் ஆகும். உண்மையான முழங்கால் உடலை ஒட்டி இறகுகளுக்குள் மறைந்துள்ளது. |

ஒளி புகும் மூன்று வாயில்கள்

ஒளிப்படக் கருவியில் படத்தின் ஒளியளவை உறுதிசெய்பவை மூன்று. முதலாவது, வில்லையின் துளை. துளை அகன்றால் ஒளி மிகும். தெளிவாகத் தெரியும் ஆழம் குறையும். இரண்டாவது, திரை திறந்திருக்கும் நேரம். நேரம் நீண்டால் ஒளி மிகும். அசையும் பொருள் கலங்கித் தெரியும். மூன்றாவது, ஐ.எஸ்.ஓ. எனப்படும் உணர்திறன் அளவு. அதனை உயர்த்தினால் குறைந்த ஒளியிலும் படம் வெளிச்சமாக அமையும். எனினும் படத்தில் மணல் தூவியது போன்ற புள்ளிகள் தோன்றும்.

ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளக்கலாம். விடியற்பொழுதில் துளை எஃப் 5.6, நேரம் 1/60 நொடி, உணர்திறன் 800 என்னும் அளவுகளில் படம் போதிய வெளிச்சத்தோடு அமைகிறது எனக் கொள்வோம். ஆயினும், நடந்துகொண்டிருக்கும் உள்ளானின் கால்கள் அப்படத்தில் கலங்கியிருக்கும். அவற்றைத் தெளிவாகப் பெற 1/250 நொடி வேண்டும் என்றால், உள்ளே புகும் ஒளி ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காகக் குறையும். துளையை எஃப் 4 அளவுக்குத் திறந்தால் இருமடங்கு ஒளி கிடைக்கும். உணர்திறனை 1600 ஆக உயர்த்தினால் மேலும் இருமடங்கு ஈடாகும். நான்கு மடங்கு இழப்பு இவ்வாறு நிரப்பப்படுகிறது. வில்லையின் துளை அதற்குமேல் திறவாது எனில், உணர்திறனை 3200 வரை உயர்த்துவதே வழி.

புள்ளிகள் தோன்றும் என அஞ்சி உணர்திறனைக் குறைத்து வைப்பவர் பலர். புள்ளிகள் உள்ள படத்தைக் கணினியில் ஓரளவு சீர்செய்யலாம். அசைவால் கலங்கிய படத்தைச் சீர்செய்வது அரிது. இவ்விரண்டனுள் எதனை ஏற்பது என்பதில் ஐயம் வேண்டியதில்லை.

நான்காம் வாயில்

கருவியில் இல்லாத நான்காவது வாயில் ஒன்று உண்டு. அது பறவையின் இயல்பை அறிதல். எல்லாப் பறவைகளும் எல்லா நேரமும் விரைந்து இயங்குவதில்லை. சாம்பல் நாரை நெடுநேரம் சிலைபோல் நிற்கும். மடையான் தோள்களுக்குள் கழுத்தை ஒடுக்கி அசைவற்று இருக்கும். ஒற்றைக்காலில் உறங்கும் உள்ளான்களும் அசையா. முக்காலியின்மீது கருவியை உறுதியாகப் பொருத்திவிட்டால், 1/30 நொடியிலும் இவற்றைத் தெளிவாகப் படமெடுக்க இயலும். முக்காலி இல்லாதவர், மணல் நிரப்பிய துணிப்பையைச் சுவரின்மீது வைத்து அதில் வில்லையைச் சாய்த்துக்கொள்ளலாம்.

எனவே, பட்டறிவு மிக்கவர் ஒளியின் அளவுக்கு ஏற்பப் பறவையைத் தேர்ந்துகொள்கிறார். கருக்கலில் அசையாது நிற்கும் நாரைகள். ஒளி சற்றுப் பரவியதும் நடந்து இரைதேடும் உள்ளான்களும் பூநாரைகளும். கதிரவன் பனியை ஊடுருவத் தொடங்கியபின் பறக்கும் கூட்டங்கள். பறத்தலை உறையவைத்துக் காட்ட 1/1000 நொடியோ அதனினும் குறைந்த நேரமோ வேண்டும். அதற்குரிய ஒளி விடியலில் இருப்பதில்லை. இல்லாத ஒளியைத் தேடித் துன்புறுவதினும், உள்ள ஒளிக்கு உரிய பறவையைக் காண்பது அறிவுடைமை.

நடக்கும் பறவையிடத்தும் ஓய்வுக் கணங்கள் உண்டு. அடியெடுத்து வைத்த நெடுங்கால் உள்ளான் இரையைக் குத்துமுன் ஒரு நொடி நிற்கும். நாரை தாக்குமுன் கழுத்தைப் பின்னிழுத்து நிறுத்தும். நாள்தோறும் உற்றுநோக்கியவர்க்கே அக்கணம் முன்கூட்டியே புலப்படும்.

கருவி ஏமாறும் இடங்கள்

ஒளியை அளக்கும் பொறி, தன்முன் உள்ள காட்சி நடுத்தரச் சாம்பல் நிறத்தது என்று கருதியே கணக்கிடுகிறது. வெண்மையான பனிக்காட்சியையும் அது சாம்பலாக்கிவிடும். ஆகவே, கருவி காட்டும் அளவினும் சற்று மிகுதியாக, இருமடங்கு வரையிலும்கூட, ஒளியை ஏற்பது பனிக்குப் பொருந்தும். கருங்கோரையின் முன் வெண்கொக்கு நிற்குமானால் நிலைமை நேர்மாறாகும். அங்குக் கருவி கூடுதல் ஒளியை ஏற்றுக் கொக்கின் இறகை வெறும் வெள்ளைத் திட்டாக்கும். ஒளியைக் குறைக்க வேண்டும்.

தானியங்கிக் குவியமும் பனியில் தடுமாறும். கருமையும் வெண்மையும் சந்திக்கும் எல்லையைக் கொண்டே அது பொருளைக் கண்டறிகிறது. பனி அவ்வெல்லையை அழித்துவிடுவதால் வில்லை முன்னும் பின்னும் அலைகிறது. பறவையின் அலகு, கால் நீரைத் தொடும் இடம் ஆகிய அழுத்தமான எல்லைகளை நோக்கிக் கருவியை நிறுத்தலாம். கையாலும் குவியத்தைச் சீர்செய்யலாம்.

பளிச்சிடும் செயற்கை ஒளி இங்குப் பயன்படாது. பனியில் வாகனத்தின் முகப்பு விளக்கை உயர்த்தினால் சாலை தெரியாமல் வெண்சுவரே தெரிவதுபோல, அவ்வொளி முன்னுள்ள துளிகளில் பட்டுத் திரும்பிவிடும். பறவையும் மிரளும்.

குளிரூட்டப்பட்ட அறையிலிருந்து எடுத்துவந்த கருவியை ஈரக்காற்றில் உடனே திறந்தால் வில்லையின்மீது நீர் படியும். அரைமணி நேரம் பைக்குள்ளேயே வெளியில் வைத்திருந்து, கருவி வெளிக்காற்றின் வெப்பத்தை அடைந்தபின் எடுப்பதே முறை.

ஓரடி முன்வைத்தால்

பறவைக்கும் கருவிக்கும் இடையே உள்ள பனி குறைந்தால் படம் தெளிவடையும். ஆகவே, அருகில் சென்றால் நல்ல படம் கிடைக்கும் என்பது உண்மையே. இடர் தொடங்குவதும் அவ்வுண்மையிலிருந்துதான். பனி தம்மை மறைத்துக்கொள்ளும் என்று நம்பி, ஒருவர் மெல்ல முன்னேறுகிறார். பறவைக்கும் பனியில் பார்வை குறைவு. எதிரி அணுகுவதைத் தொலைவிலேயே காண அதனால் இயலாது. திடீரெனத் தோன்றும் உருவம் அதனைப் பெரிதும் அச்சுறுத்துகிறது. ஒரு பறவை எழுந்தால் கூட்டமே எழுகிறது. எழுந்த கூட்டம் பனிக்குள் மறைகிறது. படமும் இல்லை, பறவையின் காலை உணவும் இல்லை.

இவ்விழப்பின் அளவை அறியக் கொசு உள்ளானை எண்ணிப் பார்க்கலாம். அதன் எடை ஏறத்தாழ 25 கிராம். ஒரு கோழிமுட்டையின் எடையில் பாதி. ஆர்க்டிக் பகுதியின் தூந்திர நிலத்தில் இனப்பெருக்கம் செய்யும் அப்பறவை, பனிக்காலத்தைக் கழிக்க இந்தியாவின் ஈரநிலங்களுக்கு வருகிறது. வேனிலில் திரும்பிப் பறப்பதற்கு வேண்டிய கொழுப்பை இச்சேற்றிலிருந்தே அது சேர்த்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு முறை விரட்டப்படும்போதும் உண்ணும் நேரத்தை இழப்பதோடு, சேர்த்த ஆற்றலையும் செலவிடுகிறது. நாள்தோறும் பலர் அவ்வாறு விரட்டினால், அதன் விளைவு எந்தப் படத்திலும் தெரியாது. நெடும்பயணத்தின் இடைவழியில் தெரியும்.

பறவை எழுவதற்கு முன்னரே அறிகுறிகளைக் காட்டுகிறது. உண்பதை நிறுத்தித் தலையை நிமிர்த்தும், உடலை மேலும் கீழும் அசைக்கும், எச்சரிக்கைக் குரல் எழுப்பும், நடந்து விலகும். முதல் அறிகுறி தெரிந்ததும் நின்றுவிட வேண்டும். தேவையெனில் பின்வாங்க வேண்டும். விடியுமுன்பே இடத்தை அடைந்து, சாலையோரத்திலோ நடைபாதையிலோ அமைதியாக அமர்ந்திருப்பதே சிறந்த வழி. இரைதேடும் பறவைகள் நீர் ஆழமற்ற விளிம்பை ஒட்டி நகர்ந்துவரும். அவை தாமே அணுகும் தொலைவுதான் படமெடுப்பதற்கு உரிய தொலைவாகும். காப்புக்காட்டுப் பகுதிக்குள் வனத்துறையின் இசைவின்றி நுழைவதும், கூடுகளை நெருங்குவதும், பதிவுசெய்த குரலை ஒலிக்கச்செய்து பறவையை அழைப்பதும் தவிர்க்கப்பட வேண்டியவை.

கறுப்பு வெள்ளையில் ஒரு முன்னோடி

தமிழ்நாடு தந்த இயற்கையியலாளர்களுள் மா. கிருஷ்ணன் (1912 – 1996) குறிப்பிடத்தக்கவர். 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவின் மகன் அவர். எழுத்து, ஓவியம், ஒளிப்படம் ஆகிய மூன்றிலும் காட்டுயிர்களைப் பதிவுசெய்தார். பத்மஸ்ரீ விருது பெற்றார். அவருடைய காட்டுயிர்ப் படங்கள் பெரிதும் கறுப்பு வெள்ளையில் அமைந்தவை. நிறத்தின் துணையின்றி உருவம், ஒளி, நிழல், வாழிடம் ஆகியவற்றைக் கொண்டே விலங்கைக் காட்டும் முறை அது. மூடுபனியில் படமெடுப்பவர்க்கும் இயற்கை அத்தகைய பயிற்சியையே அளிக்கிறது.

படம் ஒரு சான்று

பனியில் எடுத்த படத்தில் பறவை சிறிதாகவும் மங்கலாகவும் அமையலாம். அதனால் அது பயனற்றது ஆகாது. எந்நாளில், எவ்விடத்தில், எத்தனைப் பறவைகள் இருந்தன என்பதற்கு அதுவே சான்று. ஆண்டுதோறும் சனவரித் திங்களில் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பும், பொங்கல் நாள்களில் தமிழ்நாட்டில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பும் நடைபெறுகின்றன. வடிவத்தால் இனம் அறியத்தக்க ஒரு படம் இக்கணக்கெடுப்புகளுக்குத் துணைசெய்யும். ஆய்வாளர்கள் சில பறவைகளின் கால்களில் வளையமோ வண்ணப்பட்டையோ இடுகின்றனர். படத்தில் அவ்வடையாளம் தெரியுமானால், அப்பறவையின் பயணவழியை அறியவும் அது உதவும்.

சான்றாக அமைய வேண்டிய படம் நேர்மையாகவும் இருத்தல் வேண்டும். ஒளியையும் அழுத்தத்தையும் கணினியில் சற்றுத் திருத்துவது ஏற்புடையது. இல்லாத பறவையைச் சேர்ப்பதும், பின்னணியில் தெரியும் மின்கம்பத்தையும் கட்டடத்தையும் குப்பைமேட்டையும் அழிப்பதும் ஏற்புடையவை அல்ல. அவ்வாறு அழித்தால், அப்பறவை எத்தகைய சூழலில் வாழ நேர்ந்தது என்னும் செய்தியும் உடன் அழிந்துவிடும்.

நிறைவாக

கதிரவன் மேலெழப் பனி விலகுகிறது. கோரைக்கு அப்பால் சாலையும் அடுக்குமாடிகளும் தெரியத் தொடங்குகின்றன. படமெடுத்தவர் கருவியைப் பைக்குள் வைத்து, வந்த வழியே திரும்புகிறார். அவர் கொண்டுசெல்லும் படங்களுள் தெளிவானவை ஒன்றிரண்டே இருக்கலாம். பறவைகள் இன்னும் அவ்விடத்திலேயே, தலை கவிழ்ந்து, இரைதேடிக்கொண்டிருக்கின்றன. அக்காலைப்பொழுது நன்றாக அமைந்தது என்பதற்கு அதுவே அளவுகோல்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரின் ஏரி, குளம் அல்லது வயலுக்கு விடியற்காலையில் சென்று, அங்குக் காணும் பறவைகளின் அலகு, கால் ஆகியவற்றின் வடிவத்தை மட்டும் கோட்டோவியமாக வரைந்து, அவற்றின் இரைதேடும் முறையோடு ஒப்பிட்டு எழுதுக.

2. உங்கள் பகுதியில் வழங்கும் நீர்ப்பறவைகளின் பெயர்களைப் பெரியோரிடம் கேட்டுத் தொகுத்து, அப்பெயர்கள் அமைந்த காரணத்தை வகுப்பறையில் கலந்துரையாடுக.

3. 'நல்ல படமா, பறவையின் அமைதியா?' என்னும் தலைப்பில் சொற்போர் ஒன்றனை நிகழ்த்துக.